ஐந்து பத்திகளும் ஒரு கோல்கீப்பரும்

என் பேரன் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் பந்தாட்டம் பார்ப்பவன். போன வாரம் அவன் ஒரு செய்தி சொன்னான். அங்கே சம்பளத்துக்கு ஆடுகிறவர்களில் யார் யார் எந்த இனம், அவர்களுடைய அப்பா அம்மா எங்கே பிறந்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்றெல்லாம் கணக்கெடுக்கத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்களாம். சதவீதம் போட்டு, கலர் கலராகப் படம் வரைந்து வெளியிடுகிறார்களாம். நான் சிரித்துவிட்டேன். என்ன சிரிப்பு என்று கேட்டான். அந்த வேலையை நான் இருபத்திரண்டு வயதில் செய்திருக்கிறேன் என்றேன். நம்பாமல் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மலாய் நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த ஆண்டு அது. மலாக்கா டவுனில் ஓர் அலுவலகத்தில் எனக்குத் தட்டெழுத்து வேலை. எங்கள் பெரிய கிராணிதான், அதாவது தலைமைக் குமாஸ்தாதான், ஊர்ப் பந்து விளையாட்டுச் சங்கத்துக்கும் செயலாளர். சம்பளமில்லாத பதவி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அந்தச் சம்பளமில்லாத வேலையில் முக்கால்வாசி என் தலையில்தான் விழும். ஆட்ட அட்டவணை, அபராதக் கடிதம், நன்றிக் கடிதம் எல்லாம் நான் தட்டிக் கொடுத்தவை. பந்தாட்டத்தில் எத்தனை பேர் என்பதைக்கூட ஒரு பட்டியலைத் தட்டும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் அவர் ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். மாநிலக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அனுப்பியது. நாடு புதிது, குழுவில் எல்லா இனத்தாரும் இருக்க வேண்டும், ஆகவே ஊர்ச் சங்கத்தில் பதிந்திருக்கும் ஆட்டக்காரர்களை இனவாரியாகப் பிரித்துப் பட்டியல் அனுப்பவும் என்று எழுதியிருந்தது. ஐந்து பத்திகள் போடச் சொல்லியிருந்தார்கள்: மலாய்க்காரர், சீனர், இந்தியர், யுரேசியர் என்ற வெள்ளைக்காரக் கலப்பினத்தார், மற்றவர். எங்கள் பதிவுச் சீட்டுகளிலோ பெயர், வயது, முகவரி, ஆடும் இடம் இவ்வளவுதான் உண்டு. யார் என்ன இனம் என்று அதுவரை யாரும் எழுதிக் கேட்டதில்லை.

பெயரை வைத்துப் பிரிக்க உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. ஞானஸ்நானப் பெயர் வைத்திருப்பவன் போர்த்துகீசிய வம்சமா, சீனனா, தமிழனா? ஒரே பெயரில் இரண்டு பேர். ஒருவன் மலாய்க்காரன், மற்றவன் அவனுக்கே பக்கத்து வீட்டுத் தமிழ் முஸ்லிம். என்னை நானே கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பது சங்கத்தின் வழக்கம். சம்பளம் எதுவும் கிடையாது, பஸ்ஸுக்கும் வயிற்றுக்கும் மட்டும் சங்கம் பொறுப்பு. பன்றி தின்னாதவர் எத்தனை, மாடு தின்னாதவர் எத்தனை, இரண்டையும் தின்பவர் எத்தனை என்று சமைக்கிறவருக்குத் தெரியாமலா இருக்கும்? சாப்பாட்டுக் கணக்கை வாங்கினால் இனக் கணக்கு தானாக வந்துவிடும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்குத்தான் இப்படி ஒரு யோசனை தோன்றும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

சமைப்பவர் எங்கள் காஜா பெராங் பகுதியிலேயே இருந்தார், எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி. மலாக்கா செட்டிக் குடும்பம். எங்களுக்கு ரொம்பக் காலம் முன்பே கப்பலில் வந்து இங்கேயே பெண் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர்களின் வம்சம். கோயிலும் திருநீறும் நம்முடையது. வீட்டுப் பேச்சு மலாய். பெண்கள் உடுத்துவது சாரோங் கைலியும் கெபாயாச் சட்டையும். நாங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். என் அப்பா புக்கிட் ரம்பாய்ப் பக்கம் பால்மரம் வெட்டிவிட்டு டவுனுக்கு வந்தவர். இரண்டு சந்து தூரத்தில் இருந்தும் அந்த வீட்டுப் படியை நான் அதுவரை மிதித்ததில்லை.

அந்த அம்மாளை எல்லாரும் மாச்சிக் என்பார்கள். சித்தி என்கிற மாதிரி. நான் போனபோது வாழையிலையைத் தணலில் வாட்டிக்கொண்டிருந்தார். என் கேள்வியைக் கேட்டுவிட்டு, புரியாதவர் போல என்னைப் பார்த்தார். ஒரே பானைதான் என்றார். தேங்காய்ப்பால் சோறு, கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீன் குழம்பு, ஒரு சம்பல். மீனை எல்லாரும் சாப்பிடுவார்கள், பிறகு எதற்கு இரண்டு பானை, விறகு என்ன சும்மாவா வருகிறது? சனிக்கிழமை ஆட்டம் என்பதால் வெள்ளிக்கிழமை விரதக்காரர்களாலும் தொல்லையில்லையாம். பொட்டலங்களை எண்ணுவாரா என்றால், இருபத்தைந்து கட்டுவேன், ஒன்று கூட இருக்கும், கடைசியில் யாராவது ஒருவன் இரண்டாவது கேட்பான் என்றார். என் கெட்டிக்காரத்தனம் அங்கேயே முடிந்தது. எனக்கும் ஒரு பொட்டலம் பிரித்து வைத்தார். அவ்வளவு ருசியான குழம்பை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்போது அவர் மகன் உள்ளே வந்தார். முழங்காலில் தைல வாசனை. என் பதிவுச் சீட்டுக் கட்டில் அவரும் ஒருவர்: கோல்கீப்பர், வயது முப்பது. பெயரில் பாதி முருகனுடைய பெயர். அதைப் பார்த்து அவரை இந்தியர் என்று மனசுக்குள் வைத்திருந்தேன். தமிழில் பேசினேன். சிரித்துக்கொண்டே, தமிழ் வராது என்று மலாயில் சொன்னார். எனக்கு நாக்கில் எப்போதும் ஒரு முள் உண்டு. சாமி பெயரை வைத்துக்கொண்டு தமிழ் தெரியாதா என்று மலாயிலேயே கேட்டுவிட்டேன், அதுவும் அவர் அம்மா போட்ட சோற்றைத் தின்றுகொண்டே. மாச்சிக் என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார். வெட்கப்பட வேண்டிய இடத்தில் நான் வெட்கப்படாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் மற்ற ஆட்டக்காரர்களை விசாரித்தும் ஊகித்தும் பட்டியலின் முன்வரைவைத் தட்டினேன். கோல்கீப்பரை மற்றவர் பத்தியில் போட்டேன். தமிழ் தெரியாதவர் எப்படி இந்தியர் ஆவார் என்ற வீம்புதான், வேறொன்றுமில்லை. அந்தப் பத்தியில் அவரோடு சேர்த்து மூன்றே பேர். ஒரு சயாம்காரர், பேண்டு வாத்தியம் வாசிக்கும் ஒரு பிலிப்பைன்காரர், இவர்.

அனுப்பிய அந்த முன்வரைவைப் பார்த்ததும் தேர்வாளர்களுக்கு ஒரே சந்தோஷமாம். பெரிய கிராணி ரகசியமாகச் சொன்னார். ஐந்து பத்தியிலிருந்தும் ஆள் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. மற்றவர் பத்தியில் ஆடத் தெரிந்தவர் அந்தக் கோல்கீப்பர் ஒருவர்தான். ஆகவே அவருக்கு இடம் நிச்சயம். இந்தியர்களில் போட்டி பலம், எல்லா இடத்துக்கும் ஏற்கனவே ஆள் பார்த்தாகிவிட்டது. முப்பது வயதில் இனி யார் கூப்பிடுவார்கள், நல்ல காலம் பிறந்தது அவனுக்கு என்றார். பன்னிரண்டு வருஷமாக ஊருக்காகக் கோலில் நின்றவருக்கு மாநிலச் சட்டையை ஒரு தடவையாவது போட வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை என்று அவர்தான் எனக்குச் சொன்னார். திருத்திய பட்டியலைப் பொங்கல் கழிந்து அனுப்பினால் போதும் என்று நாள் கொடுத்திருந்தார்கள்.

போகிக்கு மாச்சிக் என்னைக் கூப்பிட்டார். ஏன் கூப்பிட்டார் என்று இன்றும் தெரியாது. நான் கேட்ட கேள்விக்குப் பதிலாக இருக்கலாம், வெறும் பிரியமாகவும் இருக்கலாம். செட்டிகள் போகியன்று செத்துப்போன பெரியவர்களுக்குப் படைப்பார்கள். கூடத்தில் வரிசையாக வாழையிலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, சாம்பிராணி போட்டிருந்தார்கள். சோறு, குழம்பு, கோழி, பலகாரங்கள். ஒரு இலையில் சுருட்டுக்கூட இருந்தது. கோல்கீப்பர் குளித்துவிட்டு, நெற்றியில் திருநீறோடு ஒவ்வொரு இலைக்கும் தண்ணீர் வைத்துக்கொண்டு போனார். மாச்சிக் அவர் பின்னாலேயே போய், ஒவ்வொரு இலையின் முன்னும் குனிந்து அதற்குரியவரின் பெயரைச் சொன்னார். நல்ல தமிழ்ப் பெயர்கள். அப்பாவின் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கும் அப்பா. பெண்களுக்கும் இலை இருந்தது. பிறகு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள், பெரியவர்கள் சாப்பிட்டு முடியட்டும் என்று.

நான் சுவரோரம் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எனக்கு என் தாத்தா பெயர்வரை தெரியும். அதற்கு மேலே ஒரு பெயரும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. கப்பல் ஏறும்போது யாரும் எழுதி வைத்துக்கொண்டு ஏறவில்லை. தமிழ் பேசுகிற எனக்குக் கூப்பிட ஆளில்லை, தமிழ் தெரியாதவர் இலை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொங்கல் முடிந்து அலுவலகம் திறந்ததும் நான் செய்த முதல் வேலை புதுத் தாளை மெஷினில் சுற்றியது. அசல் ஒன்று, நகல் இரண்டு. மற்றவர் பத்தியில் மூன்றை இரண்டாக்கினேன். அவர் பெயரை இந்தியர் பத்தியில் தட்டினேன். மனசு நிறைந்திருந்தது. சொன்ன சொல்லுக்குப் பிராயச்சித்தம் செய்துவிட்ட நினைப்பு. பெரிய கிராணி சொன்ன கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? அதுதான் உண்மை. நான் அவருக்கு ஒரு மரியாதை செய்துகொண்டிருந்தேன். மரியாதை செய்யும் மும்முரத்தில் இருக்கிறவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. கிராணியும் கையெழுத்துப் போடும்போது பார்க்கவில்லை.

பிப்ரவரி கடைசியில் தேர்வுப் பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. கிராணி நகலை எடுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இவர யாரு இந்தப் பக்கம் மாத்துனது?”

நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

சாயங்காலமே போய்ச் சொல்லிவிட்டேன். ஒளிக்கத் தெரியாது எனக்கு. ஒளித்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். கோல்கீப்பர் வாசல் குழாயடியில் சட்டை அலசிக்கொண்டிருந்தார். போகியன்று பார்த்தது, வெட்கப்பட்டது, மாற்றித் தட்டியது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பாராட்டை எதிர்பார்த்த குரல்கூட அதில் கொஞ்சம் இருந்திருக்கும். அவர் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார். பிறகு மலாயில், மெதுவாகத்தான் சொன்னார்.

“முதல் தடவையும் என்னைக் கேட்கல. ரெண்டாம் தடவையும் என்னைக் கேட்கல.”

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். ஒன்பது மாதம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். எனக்கு அது வேண்டும்தான், ஆனாலும் வலித்தது. மாச்சிக் மட்டும் ஒரு பொட்டலத்தைச் சனிக்கிழமைதோறும் சங்கச் சாப்பாட்டோடு எனக்கென்று கட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். இருபத்தாறாவது பொட்டலம். அதை ஒரு நாளும் நான் மிச்சம் வைத்ததில்லை.

அடுத்த ஆண்டும் அதே கடிதம், அதே ஐந்து பத்தி. இந்தத் தடவை நான் உட்கார்ந்த இடத்தில் ஊகிக்கவில்லை. சனிக்கிழமைகளில் அட்டையும் பேனாவுமாகத் திடல் திடலாகப் போனேன். பத்து பெரெண்டாம் என்கிற ஊர் வரைக்கும் பஸ் ஏறிப் போனேன். பெண்பிள்ளைக்குத் திடலில் என்ன வேலை என்று வீட்டில் சத்தம், காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து வாங்கினேன். சிரிக்கவும் நிறைய இருந்தது. அப்பா சீனர், அம்மா சயாம்காரி என்ற ஒருவர், எதில் ஆள் குறைச்சலோ அதில் போடுங்கள் என்றார். ஒரு போர்த்துகீசிய மீனவர் மலாக்காக்காரன் என்று எழுது என்று அடம்பிடித்தார். அப்படிப் பத்தி இல்லையே என்றதற்கு, கோடு போடத் தெரியாதா உனக்கு என்று கேட்டார்.

கோல்கீப்பரைக் கடைசியாக வைத்திருந்தேன். பயம்தான். வலது கை மோதிர விரல் அந்தப் பருவத்தில் ஒடிந்து, நேராகச் சேரவில்லை. இதுதான் அவருக்குக் கடைசி ஆண்டு என்று திடலில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அட்டையை நீட்டினேன். இந்தியர் பத்தியில் இந்த வருஷம் எத்தனை பேர் என்று கேட்டார். போன வருஷத்தை விட அதிகம், எல்லாரும் நல்ல ஆட்டக்காரர்கள் என்றேன். மற்றவர் பத்தியில் எத்தனை என்றார். சயாம்காரர் ஊருக்குப் போய்விட்டார், பேண்டுக்காரர் மட்டும் என்றேன். பேனாவை வாங்கி, ஒடிந்த விரலை மடக்காமல், மற்றவர் என்பதற்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினார்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் இந்தியர் என்றுதான் எழுதுவார், இடத்தை இழப்பதானாலும் எழுதுவார் என்று மனசுக்குள் எனக்கு ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது போலும். அந்த நாடகத்தில் கண்ணீர் விடவும் தயாராக இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், ஒன்பது மாதத்துக்குப் பிறகு.

“எனக்குக் கோல் கம்பத்துக்கு நடுவுல நிக்கணும், அவ்வளவுதான்,” என்றார் மலாயிலேயே. “போகிக்கு வா. அம்மா கேட்டாங்க.”

தேர்வாகிவிட்டார். ஆட்டம் எங்கள் ஊரிலேயே, கடலோரத் திடலில். பக்கத்து மாநிலத்தோடு. இத்தனை வருஷம் பொட்டலம் கட்டிய மாச்சிக் ஒரு தடவைகூட மகன் ஆடிப் பார்த்ததில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆட்ட நேரத்தில் அவர் அடுப்படியில் அல்லவா இருப்பார். நான்தான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன். நல்ல கெபாயா, கொண்டையில் மல்லிகை, நெற்றியில் திருநீறு. பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, மஞ்சள் வாசனை போகவே இல்லை.

குழு வெளியே வந்தது. அவர் கடைசியில் வந்தார். மாநிலச் சட்டை தோளில் கொஞ்சம் பெரிசு. கோலுக்குப் போய், இரண்டு கம்பத்தையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பின்காவல்காரர்களிடம் மலாயில் ஏதோ கத்தினார். எங்களுக்குப் பின்வரிசையில் நாலைந்து தமிழர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

“யாருப்பா அந்தக் கோல்கீப்பரு? கும்புடுறான், ஆனா மலாய்க்காரன் மாதிரில்ல பேசுறான்,” என்றார் ஒருவர்.

“அதான் தெரியல. நம்ம ஆளா, அவங்க ஆளா?”

எனக்கு நாக்கு துருதுருத்தது. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பதில் என்னிடம் இருந்தது: ஐந்து பத்தி, போகி, வாழையிலை, எல்லாம். திரும்பி ஒரு பிரசங்கமே செய்திருப்பேன். மாச்சிக் என் கையை அழுத்தி, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மலாயில் கேட்டார். மகனைக் காட்டிப் பேசுகிறார்கள் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. அவர் யாருடைய ஆள் என்று கேட்கிறார்கள் என்றேன்.

மாச்சிக் உட்கார்ந்தபடியே பின்னால் திரும்பினார். அந்த நாலைந்து பேரையும் ஒருமுறை பார்த்தார். கோபமில்லை, வழி கேட்டவர்களுக்கு வழி சொல்கிற முகம்.

“அனாக் சாயா,” என்றார். என் பிள்ளை.

மலாய் தெரியாதவர் அந்தத் திடலில் யார்? கேள்வி கேட்டவர் எழுந்து, முன்னால் நின்று மறைத்துக்கொண்டிருந்தவர்களைத் தோளில் தட்டி, “கொஞ்சம் ஒதுங்குங்கப்பா, அவங்க அம்மா பாக்கணும்,” என்றார்.